காய்ச்சல் விட்ட பிறகு ஒரு கழித்தல் கணக்கு



மழை பெய்து ஓய்ந்தால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வகுப்புகளில் கதிரைகள் காலியாகத் தொடங்கும். டெங்கு. 2017இல் மட்டும் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் பதிவானார்கள். பெற்றோரிடம் விசாரித்தால் ஆசிரியர்களான எங்களுக்குக் கிடைப்பது இரண்டு பதில்கள்: "காய்ச்சல் விட்டிட்டு", "பிளேட்லெட் பரவாயில்ல". மூன்றாவது ஒன்றும் இருக்கிறது.

வாட்டில் பிள்ளையின் பிரஷரை அடிக்கடி பார்க்கிறார்களே, ஏன்? மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழிக்கிறார்கள். 110/70 என்றால் 40. இதயம் ஒரு துடிப்பில் எவ்வளவு இரத்தத்தைத் தள்ளுகிறது என்பதற்கு அந்த மிச்சம் ஓர் அடையாளம். 1904இலேயே அமெரிக்காவில் ஏர்லாங்கர், ஹூக்கர் என்ற இருவர் இதை எழுதினார்கள். இன்று ஐசியூ இயந்திரங்கள் அழுத்த அலையை வைத்து இதையே நுணுக்கமாகக் கணக்கிடுகின்றன.

டெங்கு முற்றும்போது இரத்தக்குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசியும். இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும். அது தள்ளுவதும் குறையும். உடல் சமாளிப்பதற்காகக் குழாய்களை இறுக்கிக்கொள்ளும். அதனால் கீழ் எண் இறங்காது, சிலவேளை ஏறும். 100/80 என்று காட்டும். பார்த்தால் நல்ல பிரஷர். கழித்தால் 20 தான். டெங்குப் பிள்ளைக்கு 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் டாக்டர்கள் அதை ஆபத்தான ஷொக் நிலையாகவே எடுப்பார்கள். பிள்ளையோ தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கும். அதுதான் எங்களை ஏமாற்றுகிறது.

இந்தக் கசிவு பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் தொடங்கும். 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். நாங்கள் "அல்ஹம்துலில்லாஹ், சுகமாகிட்டு" என்று மூச்சு விடுகிற அதே நேரம்.

வயதானவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. குழாய்கள் விறைத்துப்போன மூத்தவருக்கு 160/70 வந்தால் மிச்சம் 90. அதற்காக இதயம் பலமாக வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. பிள்ளைகளுக்கும் வீட்டு மெஷினை நம்பி இருந்துவிடாதீர்கள். அளவு சரியில்லாத கைப்பட்டி பிழையான எண்ணைக் காட்டும்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். காய்ச்சல் விட்ட பிறகு கை கால் குளிர்ந்தால், வயிறு வலித்தால், விடாமல் வாந்தி வந்தால், சலம் குறைந்தால், பிள்ளை சோர்ந்து போனால், பிளேட்லெட் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் "இன்னும் ஒரு நாள் வாட்டில் இருக்கட்டும்" என்றால் துண்டு வெட்டித் தரச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். பாடத்தைப் பிறகு நாங்கள் படிப்பித்துக் கொடுப்போம்.

அல்லாஹ் எல்லாப் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.