நமக்கான தெரபிஸ்ட்

முதலில் பார்த்த கவுன்சலர் அன்பானவர்தான். ஆனால் நான் அழத் தொடங்கியதும், "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்மா" என்றார். அடுத்த வாரம் போகவில்லை. இப்போது பார்ப்பவர், நான் பாதியில் நிறுத்தினால் அவரும் பேசாமல் காத்திருப்பார். எனக்குத் தேவைப்பட்டது அந்த இடைவெளிதான்.

ஆளை மாற்றுவது துரோகமில்லை. புதிதாகப் பார்ப்பவரின் படிப்பைத் தயங்காமல் கேளுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் (ஆர்சிஐ) பதிவு இருக்க வேண்டும். மருந்து வேண்டுமென்றால் சைக்யாட்ரிஸ்ட் போன்ற மருத்துவரிடம்தான் போகவேண்டும். வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்தே பலர் போவதில்லை. சில விதிவிலக்குகள் தவிர, ரகசியம் காக்கப்படுவது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை.

கையில் காசில்லையா? அரசின் மனநல உதவி எண் இருக்கிறது: டெலி-மானஸ், 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம்.