உரையில்லா மூலம்

ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்ற தமிழாசிரியராகிய எமக்குக் கணினிப் பொறியோடு யாது தொடர்பு என அன்பர் சிலர் வினவக்கூடும். எம் பிழையொன்றைச் சொல்லுமுகத்தால் அதற்கு விடை கூறுவாம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், எம்மிடம் பயின்ற மாணவரொருவரும் யாமுங் கூடிச் சொற்றொகுப்புச் செயலியொன்றை ஆக்கினோம். பிள்ளைகள் தம் ஊர் முதியோர் வழங்குஞ் சொற்களைக் கேட்டு அதிற் பதிவர். மாணவர் அதனைப் பைதன் மொழியில் எழுதினார். சொற்களைச் சேமித்துக் காக்கும் பணியை எஸ்.கியூ.லைற் என்னுந் தரவுத்தளம் ஏற்றது. யாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டி, இணைய வசதியில்லாத கரையோரப் பாடசாலையொன்றின் கணினியில் நிறுவினோம். செயலியின் முகப்பில் எம்மிருவர் பெயரும் பெரிய எழுத்திற் பொலிந்தன. அருகிருந்த ‘உதவி’ என்னும் இணைப்போ இணையப் பக்கமொன்றையே சுட்டிற்று.

ஒருநாட் பதிவு நடந்துகொண்டிருக்கையில் மின்சாரம் நின்றது. மறுநாட் காலை, அங்குள்ள இளம் ஆசிரியை, தரவுக் கோப்பினருகே ‘ஜேர்னல்’ எனப் பெயர் முடியும் புதிய கோப்பொன்றைக் கண்டார். ‘உதவி’யைத் திறந்தார், வெற்றுப் பக்கமே தோன்றிற்று. குப்பையென்றெண்ணி அக்கோப்பை அழித்துவிட்டுச் செயலியை இயக்கினார். தரவுத்தளம் சிதைந்திருந்தது.

இடையறுந்த பதிவை நீக்கிப் பழைய நிலையை மீட்பதற்கு வேண்டியவை அச்சிறு கோப்பினுள்ளேயே இருந்தன. அதனை அழிப்பின் தரவுத்தளம் சிதையக்கூடும் என எஸ்.கியூ.லைற்றின் விளக்கவுரை தெளிவாக எச்சரிக்கின்றது. அவ்வுரை முழுவதையுந் தரவிறக்கி வைத்துக்கொள்ளவும் இயலும். யாம் அதனைப் பொதியிற் சேர்க்கத் தவறினோம்.

கரைவலை இழுப்பாரிடம் பிள்ளைகள் திரட்டிய சொற்களுட் பெரும்பகுதி போயிற்று. அவற்றுட் பலவற்றைச் சொன்ன முதியவர் அதற்குள் காலமாகிவிட்டார். “என் பிழை, ஐயா” எனத் தொலைபேசியில் அவ்வாசிரியை கலங்கினார். பிழை அவருடையதன்று; எம்முடையது.

நன்னூலார் சிறப்புப்பாயிரத்துக்கு உரியனவாக எண்ணிய எட்டனுள், ஆக்கியோன் பெயரை அடுத்து நிற்பது ‘வழி’. ஒரு நூல் எதன்வழி வந்தது எனக் கூறல் வேண்டுமென ஆண்டுதோறும் வகுப்பிற் கற்பிக்கும் யாமே அதனை மறந்தோம். பைதனை ஆக்கினோர் தம் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிமத்தையும் படியோடு சேர்த்து வழங்குமாறு கேட்கின்றனர். எஸ்.கியூ.லைற்றை ஆக்கினோரோ அதனைப் பொதுவுடைமையாக்கி, அதுவுங் கேட்டிலர். இவ்விரு சாராரின் பெயரும் எம் முகப்பில் இருந்ததில்லை.

பொதி கட்டுங் கருவி, செயலி இயங்குதற்கு வேண்டியவற்றையே திரட்டும். உரையை யாமே சேர்த்தல் வேண்டும். இப்பொழுது எம் பொதியில் ‘உரை’ என்னுங் கோப்புறை உண்டு. துணைக்கூறுகளின் பெயர், பதிப்பெண், உரிமம் ஆகியன அடங்கிய பட்டியல் ஒன்று. அவ்வப் பதிப்புக்குரிய விளக்கவுரைகள், இணையமின்றிப் படிக்கத்தக்கவாறு. எக்கோப்பை அழித்தலாகாது, செயலியை மூடியபின் எவ்வாறு படியெடுப்பது என்பனவற்றைத் தமிழிற் கூறும் ஒருபக்கக் குறிப்பு. பொதி சற்றே பெருத்தது, அவ்வளவே.

மாணவர்காள்! நீவிர் நாளை எத்துணையோ செயலிகளை ஆக்குவீர்கள். அவற்றைப் பெறுபவர் உம்மை அழைத்துக் கேட்க இயலாத இடத்தில் இருப்பர் என எண்ணிப் பொதி கட்டுங்கள். மூலத்தோடு உரையையுங் கொடுங்கள். உம் பெயரோடு வழியையுஞ் சொல்லுங்கள்.