கிராஸ்கட் ரோடு மாடியில் கோடு போடும் கூட்டம்

கோயம்புத்தூர் காந்திபுரத்தில் இறங்கி கிராஸ்கட் ரோட்டுக்குள் நுழைகிறவர்கள் கீழேதான் பார்ப்பார்கள். ஜவுளிக் கடை பொம்மைகள் அப்படி! ஒருநாள் கழுத்தை நிமிர்த்தி மாடியைப் பாருங்கள். ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், க்ரியோ, கேட்டியா என்று போர்டுகள். ஏதோ புது மாத்திரை என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் கம்ப்யூட்டரில் மெஷின் பாகங்களை வரையும் சாஃப்ட்வேர்கள். (பி.காம். படித்த எனக்குத் தெரிந்த ஒரே 'டிராயிங்ஸ்', முதலாளி சொந்தச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுக்கும் பணம்தான்!)

இந்த ஊரில் இந்த போர்டுகள் தொங்குவதில் ஆச்சரியமில்லை. 1937-லேயே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் எலெக்ட்ரிக் மோட்டார் செய்து காட்டிய ஊர். அவிநாசி ரோடு மேம்பாலத்துக்குக்கூட ஜி.டி. நாயுடு பெயர்தான். காந்திபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் கணபதி பக்கம் போனால் பவுண்டரி, லேத், பம்ப், கிரைண்டர். அத்தனைக்கும் முதலில் ஒரு படம் வேண்டுமே!

கணபதியில் ஒரு பேக்கரியில் டீ குடிக்கும்போதுதான் அந்தத் தம்பி அறிமுகமானார். பி.இ. மெக்கானிக்கல். பவுண்டரியில் இன்ஸ்பெக்டர். கையில் வெர்னியரோடு, வார்த்து வந்த பாகங்களை அளந்து 'ஓகே', 'ரிஜெக்ட்' சொல்கிற வேலை. ஆறு வருஷம்!

"டிசைனுக்கு மாறணுங்கண்ணா. மாடி ஏறிக் கேட்டேன். நாலு சாஃப்ட்வேர் சேர்த்து பேக்கேஜ் அறுபதாயிரம்னாங்க. தங்கச்சி கல்யாணக் கடனே இன்னும் முடியலைங்க..."

வேறு ஒருவராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். இவர் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினார். ஃப்ரீகேட் என்று ஒரு சாஃப்ட்வேர். பெயரிலேயே ஃப்ரீ, நிஜமாகவே காசு கிடையாது. 2002-ல் பிறந்து, 2024 நவம்பரில்தான் 1.0 என்ற எண்ணைத் தொட்ட நிதானமான பிள்ளை. பாடத்துக்கு, ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டி.இ.எல். வீடியோக்கள். பார்ப்பதற்குக் கட்டணமில்லை, சர்டிஃபிகேட் பரீட்சைக்குத்தான் பணம்.

பயிற்சிக்கு? பவுண்டரியில் ரிஜெக்ட் ஆன பாகங்கள்! வாரம் ஒன்றை அளந்து, ஞாயிற்றுக்கிழமை வரைந்துவிடுவது. முதலில் சிம்பிளாக ஒரு மூடி, பிறகு பிராக்கெட், பிறகு பம்ப் கேசிங். அதைப் பெருமையோடு பக்கத்துப் பட்டறைப் பெரியவரிடம் காட்டினாராம். பெரியவர் நாற்பது வருஷமாக மரத்தில் பேட்டர்ன் செதுக்குகிறவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்குது கண்ணு. இதை மணல்ல இருந்து எப்படி வெளிய எடுப்பே?"

தம்பிக்குச் சுருக்கென்றது. மணல் அச்சிலிருந்து பேட்டர்ன் உடையாமல் கழன்று வர, பக்கச் சுவர்கள் ஒன்றிரண்டு டிகிரி சரிவாக இருக்க வேண்டும். இட்லித் தட்டுக் குழி நேர்ச் சுவராக இருந்தால் இட்லி வருமா? அதே சங்கதி. இரும்பு ஆறும்போது சுருங்கும், அதற்கும் இடம் விட வேண்டும். கடைசலுக்குக் கொஞ்சம் சதை விட வேண்டும். இவ்வளவும் தினமும் கையில் புரண்ட விஷயங்கள். திரையில் வரையும்போது மட்டும் மறந்துபோயிற்று. அன்று ராத்திரியே திருத்தினார். ஆறு வருஷ இன்ஸ்பெக்டர் வேலை வீணில்லை என்று புரிந்ததும் அன்றுதான்.

இலவசத்திலேயே காரியம் முடிந்துவிடுமா என்றால், இல்லை. கம்பெனிகள் இன்டர்வியூவில் உட்கார வைப்பது பெரும்பாலும் சாலிட்வொர்க்ஸிலோ க்ரியோவிலோதான். ஆனால் ஸ்கெட்ச் போடுவது, அளவுகளைக் கட்டுவது, அதை இழுத்துக் கனமாக்குவது என்ற அடிப்படை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பட்டனும் பெயரும்தான் வேறே. மாருதி ஓட்டியவர் அம்பாசடருக்கு மாறுகிற மாதிரி. அதனால் தம்பி செய்தது இது: வரையும் புத்தியை இலவசத்தில் கற்றுக்கொண்டு, கடைசியில் ஒரே ஒரு சாஃப்ட்வேருக்கு மட்டும் மாலை பேட்சில் பணம் கட்டினார்.

மாடி ஏறுகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் சேர நினைக்கும் கம்பெனியில் எந்த சாஃப்ட்வேர்? அதை மட்டும் தனியாகச் சொல்லித் தருவார்களா? ஆளுக்கொரு கம்ப்யூட்டரா? உங்கள் சொந்தப் படத்தைத் திருத்த அங்கே ஆள் உண்டா? நாலுக்கும் பதில் வந்த பிறகு பர்ஸைத் திறக்கலாம். இன்னும் கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு ஆட்டோகேட் கம்பெனியே தன் சாஃப்ட்வேரை இலவசமாகத் தருகிறது. படிக்கும்போதே பழகிவிட்டால் பேக்கேஜ் தொல்லையே வேண்டாம்.

தம்பிக்கு மூன்றாவது இன்டர்வியூ ஒரு பம்ப் கம்பெனியில். சர்டிஃபிகேட்டைப் புரட்டவில்லை. ஒரு பாகத்தையும் வெர்னியரையும் கொடுத்து, "வரைங்க" என்றார்களாம். வரைந்தார், சரிவோடு! டிசைன் டிரெய்னி வேலை உறுதி. ஒரே சிக்கல், சம்பளம் மாசம் இரண்டாயிரம் குறைவு.

"நீங்க பி.காம். தானுங்களே, கணக்குப் போட்டுச் சொல்லுங்கண்ணா."

போட்டேன். வருஷத்துக்கு இருபத்து நாலாயிரம் நஷ்டம். பேக்கேஜில் பாதிகூட இல்லை. இங்கே கற்றுக்கொடுத்து, மாசாமாசம் சம்பளமும் கொடுக்கிறார்கள். ஆனால் கடன் தவணை? "அம்மாகிட்டப் பேசிட்டேனுங்க. ஒரு வருஷத்துக்குத் தவணைக்குக் குறையறதைத் தறி ஓட்டிச் சமாளிச்சுக்கறேன்னுட்டாங்க" என்றார், குரல் கொஞ்சம் இறங்கி.

என் பேரேட்டில் அந்த வரவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை.