எதுவும் நடக்காத நாள்

ரயில்வேயில் ஜூனியர் இன்ஜினியர் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி: "பாலம் கட்டுவியா, ஸ்டேஷன் கட்டுவியா?"

அப்பா மேஸ்திரி. எங்கள் ஊரில் எந்தத் தெருவுக்குள் போனாலும் அவர் கட்டிய வீடு ஒன்றாவது இருக்கும். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகக் கை நீட்டி, "அது நம்ம போட்ட காங்க்ரீட்" என்பார். பி.இ. சிவில் முடித்தவன் அதைவிடப் பெரிதாக எதையாவது கட்டுவான் என்று அவர் நம்பியதில் தப்பில்லை. நானும் அப்படித்தான் நம்பினேன்.

இரண்டு கட்ட கணினித் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கண் பரிசோதனை. எல்லாம் தாண்டி எனக்குக் கிடைத்தது பி.வே. பெர்மனன்ட் வே. அதாவது தண்டவாளம், ஸ்லீப்பர் கட்டை, ஜல்லி. வெள்ளைக்காரன் காலத்துப் பெயர். நிரந்தரப் பாதை என்று பெயர் வைத்துவிட்டு, அதை ஒவ்வொரு நாளும் சரிசெய்ய ஆள் வைத்திருக்கிறார்கள்.

பயிற்சியில் முதல் சில வாரங்கள் ஒரு கீமேனோடு நடந்தேன். விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் நடுவே, கார்டு லைனில் ஒரு பகுதி. தோளில் சுத்தியல், ஸ்பேனர். பையில் சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, ஆபத்தென்றால் வண்டியை நிறுத்த தண்டவாளத்தில் வைக்கும் டெட்டனேட்டர்கள். கிலோமீட்டருக்கு 1660 கட்டைகள் என்றால் கட்டைக்குக் கட்டை சுமார் 60 சென்டிமீட்டர். மனிதக் காலடிக்குச் சற்றும் பொருந்தாத அளவு அது. இரண்டாம் நாளே எனக்கு முழங்கால் வீங்கியது. அவர் கிளிப்புகளைச் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே எது தளர்ந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு நடந்தார்.

கூடப் படித்தவர்கள் சென்னையில் மெட்ரோ சுரங்கத்துக்குள் ஹெல்மெட்டோடு நின்று ஸ்டேட்டஸ் போட்டார்கள். நான் என்ன போடுவது? தளர்ந்த கிளிப்பையா? வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்த நாட்கள் உண்டு.

கேங்கின் மேட் ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. அப்பாவைவிட மூத்தவர். என்னை "சார்" என்பார், நான் "அண்ணே" என்பேன். முதல் மழையில் ஒரு பாலத்தின் மேல் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "இதே லைன்லதான் சார் அரியலூர்" என்றார். 1956 நவம்பர் 23. மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சேதமாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் போனது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். பொது அறிவுக் கேள்வியாக நான் மனப்பாடம் செய்திருந்த விஷயம் அது. அவருக்கு, மழை பெய்தால் ராத்திரி தூங்கக் கூடாது என்பதற்கான காரணம்.

அடுத்த ஏப்ரலில்தான் அந்த நாள் வந்தது. சீனியர் வேறு இடத்துக்குப் போயிருந்தார். கேங்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம். கட்டைகளுக்கு நடுவே ஜல்லியைத் திறந்து பேக்கிங் செய்யும் வேலை. நீளமாகப் பற்றவைத்த தண்டவாளத்தில் அதைச் செய்ய ஒரு கணக்கு இருக்கிறது. தண்டவாளம் எந்த வெப்பநிலையில் அழுத்தமில்லாமல் பூட்டப்பட்டதோ, அதைவிட 10 டிகிரிக்கு மேல் ஏறினால் ஜல்லியில் கை வைக்கக் கூடாது. அங்கே பூட்டிய வெப்பநிலை 45.

பத்தரை மணி இருக்கும். எட்டு கட்டை பாக்கி. மேட் கடப்பாரையைக் கீழே வைத்தார்.

"மூடிடலாம் சார்."

"இன்னும் எட்டுதானே அண்ணே. முடிச்சிட்டே போயிடலாம்."

அவர் எதிர்த்துப் பேசவில்லை. தண்டவாளத்தில் வைத்திருந்த தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். 56. நான் அதை ஒரு மணி நேரமாகப் பார்க்கவே இல்லை.

ஆட்கள் அவசர அவசரமாக ஜல்லியை இழுத்து மூடி இடித்தார்கள். வரும் வண்டியை மெதுவாக விட ஸ்டேஷனுக்குச் சொன்னோம். நாங்கள் ஓரமாக ஒதுங்கி நின்றோம். ஜன்னலோரத்தில் ஒரு பாப்பா கையாட்டிக்கொண்டே போனது. மேட் பதிலுக்குக் கையாட்டினார். என்னால் முடியவில்லை.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கல்லூரியில் படித்த அதே சூத்திரம்தான். நீள முடியாமல் கட்டிப்போடப்பட்ட 60 கிலோ தண்டவாளம் ஒன்றில், ஒரு டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 1.9 டன் அழுத்தம். 11 டிகிரிக்கு, இரண்டு தண்டவாளத்திலும் சேர்த்து சுமார் 42 டன். அதைப் பக்கவாட்டில் நெளியவிடாமல் பிடித்து வைத்திருப்பதில் பெரும்பங்கு ஜல்லிக்கு. அதைத்தான் நான் எட்டு கட்டைக்காகத் திறந்து வைக்கச் சொன்னேன். செமஸ்டர் பரீட்சையில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன்.

மறுநாள் சீனியரிடம் நானே போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "டைரியில எழுது. டைம், டெம்பரேச்சர், யார் நிறுத்தினதுன்னு எழுது" என்றார். எழுதினேன். யார் நிறுத்தினது என்ற இடத்தில் என் பெயர் இல்லாததை மறுபடியும் ஒரு தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு தெர்மாமீட்டரை என் கண்ணில் படும்படி வைக்காமல் ஒரு வேலையும் தொடங்கியதில்லை.

போன தீபாவளிக்கு அப்பாவைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரயில் எங்கள் செக்‌ஷனுக்குள் நுழைந்தபோது, "உன் வேலை எதுப்பா? காட்டு" என்றார். வெளியே பார்த்தேன். கருவேல மரம், வயல், மைல்கல், ஒரு லெவல் கிராசிங். கை நீட்டிக் காட்ட ஒன்றுமே இல்லை. அப்பா கையில் டீ கப் இருந்தது. விளிம்பு வரை ஊற்றியிருந்தார்கள்.

"டீ சிந்துதாப்பா?" என்றேன்.

"இல்லையே."

"அதுதான்."

அவர் கப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி, ஜல்லி எந்த குவாரியில் இருந்து வருகிறது என்று விசாரிக்க ஆரம்பித்தார்.