இளைப்பாறவும் ஒரு நாள்

சென்ற கோடை விடுமுறையில் நம் பங்கைச் சார்ந்த குடும்பமொன்று இரு சிறு குழந்தைகளுடன் சென்னைக்குச் சென்றது. ஒரே நாளில் காண வேண்டியவற்றை எழுதிக் கொடுத்தவன் நானே: சாந்தோம் பேராலயம், சின்னமலை, பரங்கிமலை, பெசன்ட் நகர் அன்னையின் திருத்தலம்.

திரும்பியதும் ஆறு வயதுச் சிறுமியிடம், "என்ன கண்டாய்?" என்றேன். "கோயிலிலே கடல் சத்தம் கேட்டது, சாமி. போவதற்குள் இருட்டிவிட்டது" என்றாள். நாணினேன்.

களைத்த சீடரைத் தனியிடம் அழைத்து இளைப்பாறச் சொன்னவர் நம் ஆண்டவர் (மாற்கு 6:31). ஆகவே, நாளொன்றுக்கு ஒரு திருத்தலமே போதும். நண்பகலில் குழந்தைகள் உறங்கட்டும். வெயில் தாழ்ந்தபின் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே அலைகள் வலியவை. கைவிடாது பிடித்து, பிஞ்சுக் கால்களை மட்டும் நனைத்து விடுங்கள். படைத்தவரின் கைவேலையைக் கண்டு மகிழ்வதும் செபமே.