திருகாணி கழற்றும் உரிமை

வளைகுடா நாடுகளில் உழைத்து ஊர் திரும்பும் எமது இளைஞர் சுமந்துவரும் பெட்டிகளைக் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நாம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்து வருகின்றோம். முதலிற் கசெற் பெட்டிகள் வந்தன. பின்னர் தொலைக்காட்சிப் பெட்டிகள் வந்தன. அவற்றைத் தொடர்ந்து இறுவட்டு இயக்கிகள் வந்தன. அவற்றின் விலை றியாலில் மட்டும் கணக்கிடப்படுவதன்று. பிள்ளையின் முகம் காணாது கழிந்த மாதங்களும் அதனுள் அடங்கும்.

எமது குடும்பத்து இளைஞர் ஒருவர் சவூதியிற் சாரதியாக இருந்த காலத்தில் வாங்கிய இயக்கியொன்று எம்மிடம் உண்டு. திரைப்படத் தட்டையும் இசைத்தட்டையும் ஒருங்கே இயக்கவல்ல உயர்ந்த ரகப் பொருள் அது. ஆங்கில இலக்கிய வகுப்புக்கென்று கொழும்பிலே காசு கொடுத்து வாங்கிய அசல் திரைப்படத் தட்டொன்றை அதிலே இட்டோம். இத்தட்டு இப்பிரதேசத்துக்குரியதன்று என்று திரையில் எழுத்துத் தோன்றியது. கொழும்பில் வாங்கிய தட்டு கல்முனைக்கு உரியதில்லையாம்!

இப்பிரதேசக் கணக்கு எங்கிருந்து வந்தது? 1996ஆம் ஆண்டு நவம்பரில் டீ.வீ.டீ. இயக்கி யப்பானில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. அப்பொழுதே திரைப்பட நிறுவனங்கள் உலகை ஆறு பிரதேசங்களாகக் கூறுபோட்டுக்கொண்டன. ஐக்கிய அமெரிக்காவும் கனடாவும் ஒன்று. மேற்கு ஐரோப்பாவும் யப்பானும் மத்திய கிழக்கும் இரண்டு. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், ரஷ்யா, ஆபிரிக்காவின் பெரும்பகுதி ஆகியன ஐந்து. சீனாவுக்கு ஆறு. சர்வதேசப் பயணக் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் எட்டு என்று தனியே ஓரெண்ணையும் வைத்தார்கள். கல்முனைக் கடற்கரையிலே நின்று அடிவானத்தைப் பார்ப்பவர் ஐந்தில் நிற்கிறார். அங்கே செல்லும் உல்லாசக் கப்பல் எட்டிற் செல்கிறது. இடையிலே மிதக்கும் எமது மீனவரின் தோணிக்கு எந்த எண் என்று எவரும் சொல்லவில்லை.

ஒரு நாட்டில் ஒரு விலைக்கும் பிறிதொரு நாட்டில் வேறு விலைக்கும், தாம் விரும்பிய நாளில் விற்பதற்காகவே இப்பூட்டு. மலிவான தட்டு எல்லை தாண்டக் கூடாது. தமிழ்த் திரைப்படத் தட்டுகள் பெரும்பாலும் பூட்டின்றி வந்தமையால், இப்படியொன்று இருப்பதையே எம்மூரிற் பலர் அறியார். ஐந்தாம் பிரதேசத்து மனிதன் இரண்டாம் பிரதேசத்தில் வண்டி ஓட்டலாம், கல் சுமக்கலாம். அவனுடைய உழைப்புக்கு எல்லை இல்லை. அவ்வுழைப்பைக் கொண்டு அவன் வாங்கிய இயந்திரம் மட்டும் ஊருக்கு வந்தபின்னும் எசமானரின் சொல்லையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

கல்முனைக் கடைத்தெருவிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் வானொலி திருத்துபவர் ஒருவர் இருக்கிறார். இயக்கியை அவரிடம் கொண்டுசென்றோம். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "பழுதெண்டு ஒண்டுமில்ல சேர். பூட்டித்தான் வெச்சிருக்கான்" என்றார். மலிவான இயக்கிகள் பலவற்றிற் தொலைவியக்கியின் பொத்தான்களை ஒரு வரிசையில் அழுத்தினாலே பூட்டுத் திறந்துவிடும். விலையுயர்ந்தவற்றிற் சிலவற்றுக்கோ உள்ளே ஒரு சிறு சுற்றுப்பலகையைப் பொருத்த வேண்டும். அதனை அவர் கொழும்பிலிருந்து வரவழைத்துப் பொருத்தினார்.

இது களவு என்று எவரேனும் சொல்லக்கூடும். அவுஸ்திரேலியாவில் எடி ஸ்ரீவன்ஸ் என்பவர் சோனி நிறுவனத்தின் பிளேஸ்ரேஷன் கருவிகளில் இத்தகைய சில்லுகளைப் பொருத்திக் கொடுத்தமைக்காக வழக்குத் தொடரப்பட்டது. 2005 ஒக்டோபரில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஸ்ரீவன்ஸின் பக்கமே தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு சட்டத்தைத் திருத்தியபோதும், பிரதேசப் பூட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லையென்று விலக்கு வைத்தார்கள். மருதமுனை நெசவாளி தன் தறியின் மிதியை மாற்றிக் கட்டுவதற்கு எவரிடம் அனுமதி கேட்டான்?

மூடியைத் திறந்ததும் வேறொரு கதை வெளிவந்தது. செப்புத் தடங்களின் ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. மின்வழங்கலில் நின்ற கொண்டன்சர்கள் இரண்டின் தலை புடைத்திருந்தது. கொண்டன்சரின் உள்ளே இருப்பது ஈரமான ஒரு பொருள். வெப்பத்தில் அது உலர்ந்துவிடுகிறது. உலர்ந்தால் மின்னோட்டத்தின் அலைகளைத் தணிக்கும் வலிமை குன்றி, இசையின் அடியிலே ஒரு முனகல் கேட்கும். 85 பாகை வெப்பத்துக்கென்று செய்யப்பட்டவற்றைக் கழற்றிவிட்டு 105 பாகை தாங்குபவற்றை அவர் வைத்தார். வெப்பம் பத்துப் பாகை குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது இத்தொழிலின் வாய்பாடு. பின்னர் களிம்பைத் துடைத்துப் பலகை முழுவதும் மெல்லிய வார்னிஷ் பூசினார். உப்புக்காற்றுக்கு எதிரான இவ்வேலையை வெளிநாட்டு ஒலிச் சஞ்சிகைகளில் நாம் கண்டதில்லை. அவை எழுதப்படும் அறைகளிற் கடற்காற்று வீசுவதில்லைப் போலும்.

சாரதியின் தம்பி பல்கலைக்கழக மாணவர். அவர் அத்தகைய சஞ்சிகைகளைப் படித்து ஒரு நீண்ட பட்டியலோடு வந்திருந்தார். ஒலியைப் பெருக்கும் என்.ஈ. 5532 என்ற எட்டுக்கால் ஐ.சீ.யை எடுத்துவிட்டு ஓ.பீ.ஏ. 2134 போட வேண்டும். பொன்முலாம் பூசிய பியூஸ் போட வேண்டும். பொன்முலாம் என்றதும் திருத்துபவர் சிரித்துவிட்டார். "பவுண் வாங்குறெண்டா பொஞ்சாதிக்கு வாங்கிக் குடுங்க தம்பி." ஐ.சீ.யை மட்டும், கழற்றி மாட்டக்கூடிய தாங்கியொன்றில் வைத்துப் பொருத்தினார். மாணவர் கேட்டுப் பெரிதும் வியந்தார். சற்று நேரத்தில் இவர் சொல்லாமலே பழையதை மீண்டும் மாட்டினார். வியப்பு அப்படியே இருந்தது.

மாணவரை நாம் குறை சொல்லவில்லை. 2007இல் மேயர், மொரன் என்ற இருவர் அமெரிக்காவின் ஒலிப் பொறியியல் ஆய்விதழ் ஒன்றில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தரத் தட்டின் ஒலியையும், அதனையே சாதாரண இறுவட்டின் 16 பிற், 44,100 மாதிரி என்ற அளவுக்குள் அடக்கிய ஒலியையும் மாற்றி மாற்றிக் கேட்பித்தார்கள். 554 தடவைகளில் 276 தடவைகளே விடை சரியாக இருந்தது. நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் அவ்வளவு கிடைத்திருக்கும். இயந்திரத்தில் உண்மையாகப் பழுதானது ஒன்று. பழுதென்று நம்மை நம்பவைத்து விற்கப்படுவது மற்றொன்று. இரண்டையும் பிரித்தறியக் கற்றவன் அந்த ஒழுங்கையில் இருக்கிறான்.

அந்த முனகல் ஒழிந்ததன் பயனை நாம் வேறொரு தட்டிலே உணர்ந்தோம். எண்பதுகளில் வளைகுடா சென்றவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றிற் பேசி அனுப்புவார்கள். எழுதத் தெரியாதவர்க்கும் வாசிக்கத் தெரியாத உம்மாமார்க்கும் அதுவே தபால். சாரதியின் வாப்பா அவ்வாறு பேசி அனுப்பியவற்றை இறுவட்டிற் பதித்து வைத்திருந்தார்கள். அவர் குரல் முன்பும் கேட்டதுதான். இப்பொழுதோ அக்குரலின் பின்னால் இன்னும் பலர் இருந்தார்கள். பாத்திரம் கழுவும் ஓசை, எவரோ இருமுவது, தம் வீட்டுக்கும் சலாம் சொல்லும்படி ஒருவர் தாழ்ந்த குரலிற் கேட்பது. ஓரறையில் எத்தனை பேரை அடைத்து வைத்திருந்தார்கள் என்பது அன்றுதான் வீட்டாருக்கு விளங்கிற்று.

திருத்துபவரிடம் சான்றிதழ் எதுவும் இல்லை. உப்பைப் பற்றிய அவருடைய பாடம் 2004 டிசம்பர் 26இன் பின்னர் படித்தது. இலங்கையில் அம்பாறை மாவட்டமே கூடிய உயிர்களைப் பறிகொடுத்தது. எஞ்சியோர் மணல் நிறைந்த வானொலிகளை அவரிடம் கொண்டுவந்தார்கள்; அவர் அவற்றை நன்னீரில் அலசி, நிழலில் உலர்த்திப் பேசவைத்தார். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்றபோதும், இறக்குமதி முடங்கியபோதும், செத்த தொலைக்காட்சிகளிலிருந்து உறுப்புகளைக் கழற்றித் தொழில் செய்தார். கொழும்பிலிருந்து வந்த பலகையின் விலையை வீட்டார் மறுபேச்சின்றிக் கொடுத்தார்கள். கைக்கூலி என்று வந்தபோதுதான், இரண்டு மணிநேர வேலைக்கு இவ்வளவா என்ற முணுமுணுப்பு எழுந்தது. அப்பேச்சை நாம் அங்கேயே தடுத்து, அவர் கேட்டதை முழுமையாகக் கொடுக்கச் செய்தோம்.

மூடியின் வெளிப்புறத்திலே, திறந்தால் உத்தரவாதம் இழக்கப்படும் என்று உற்பத்தியாளர் ஆங்கிலத்தில் ஒட்டிய சீட்டு இன்னும் இருக்கிறது. உட்புறத்திலே மாற்றிய உறுப்புகளின் பெயரையும் திகதியையும் திருத்துபவர் மைப் பேனையால் தமிழில் எழுதினார். எதற்கென்று கேட்டோம்.

"நாளைக்கு இன்னொருத்தன் தொறப்பான் சேர். அவன் கஷ்டப்படப்போடா."