பெயர் அமெரிக்கா, பிறப்பு எங்கே?

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பார்கள் நம் பெரியவர்கள். அந்த ஆடைப் பாதியிலும் ஒரு பாதியை இன்று பெயர் பிடித்துக்கொண்டுவிட்டது. துணி எப்படி, தையல் எப்படி என்று பார்ப்பவர் குறைவு. என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பார்ப்பவரே மிகுதி. லீவைஸ், நைக்கி, கேப், டாமி ஹில்ஃபிகர், கால்வின் கிளைன் என்று வாய்ப்பாடு போல ஒப்பிக்கும் நண்பர்கள் எங்கள் வகுப்பிலேயே உண்டு. 'அமெரிக்கச் சட்டை' என்று சொல்லும்போதே குரலில் ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது!

விடுதி நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு அப்படி ஒரு சட்டை வாங்கிவந்தார். ஊதியத்தில் மிச்சம் பிடித்து அவருடைய அண்ணன் கொடுத்த பணம் அது. நாங்கள் நால்வர் சுற்றி நின்று பார்த்தோம். ஒருவர் கழுத்துப் பட்டையைத் திருப்பி, உள்ளே இருந்த சிறு சீட்டைப் படித்தார். 'பங்களாதேஷில் தயாரிக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் இருந்தது. நண்பரின் முகம் வாடிவிட்டது. "அப்படியானால் இது போலியா?" என்றார். போலி அன்று, அசல்தான் என்று நான் சொன்னேன். அவர் நம்பவில்லை. அவர் நம்பாத அந்தச் செய்தியைக் கொஞ்சம் விரிவாக எழுதிப் பார்த்தால் என்ன என்ற எண்ணமே இக்கட்டுரை.

எனக்கு இதில் தெளிவு இருந்ததற்குப் படிப்பு மட்டும் காரணமன்று. நான் திருப்பூரை அடுத்த சிற்றூரில் பிறந்தவன். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது பனியன் கம்பெனிக்குப் போவார்கள். என் அக்காள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் பிசிர் வெட்டும் வேலையில் சேர்ந்து, பிறகு செக்கிங், பிறகு தையல் இயந்திரம் என்று படிப்படியாக ஏறியவள். இப்போது அவளுடைய வேலை கழுத்தில் லேபிள் வைத்துத் தைப்பது. பெரிய எழுத்தில் அமெரிக்கக் கம்பெனியின் பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் 'இந்தியாவில் தயாரிக்கப்பட்டது' என்ற வரி. இரண்டையும் ஒரே நூலில் இணைப்பவள் என் அக்காள்தான்! பேக்கிங் பகுதியில் சட்டையோடு கட்டும் விலைச் சீட்டுகூட டாலர் கணக்கில் அச்சடித்து வந்துவிடுகிறது. அந்த ஒரு சட்டையின் விலை, அவளுடைய ஒரு ஷிஃப்ட் கூலியைவிட அதிகம். "இது எங்கே போகுது தெரியுமா அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன். "எங்க போனா என்ன கண்ணு, கோணாம இருந்தாச் செரி. கோணுச்சுன்னா பீஸ் திரும்பி வந்துரும்" என்றாள்.

சரி, அமெரிக்க ஆடை என்றாவது அமெரிக்காவில் தைக்கப்பட்டதா? தைக்கப்பட்டது; மிகப் பெருமையாகவே தைக்கப்பட்டது. ஜீன்ஸ் என்னும் கால்சட்டையின் கதையையே எடுத்துக்கொள்வோம். லீவை ஸ்ட்ராஸ் ஜெர்மனியின் பவேரியாவில் பிறந்து, சான் ஃபிரான்சிஸ்கோவில் துணிக்கடை வைத்தவர். ஜேக்கப் டேவிஸ் ரீகா நகரில் பிறந்து, நெவாடாவின் ரீனோ ஊரில் தையல்காரராக இருந்தவர். பையின் மூலைகள் கிழியாதபடி செம்பு ஆணி அடிக்கும் உத்தி டேவிஸுடையது. இருவரும் சேர்ந்து 1873 மே 20 அன்று அதற்குக் காப்புரிமை பெற்றனர். பிறந்த நாளிலேயே அந்த அமெரிக்க ஆடைக்குத் தாய்நாடு இரண்டு மூன்று இருந்தன எனலாம்! ஆனால் துணி நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மில்லிலிருந்து வந்தது. தைத்த கைகளும் அங்கிருந்தவர்களின் கைகளே. பின்னாளில் வட கரோலினா மாநிலம் கிரீன்ஸ்பரோவிலிருந்த வைட் ஓக் மில் அதற்கு டெனிம் நெய்து கொடுத்தது. 1980-களில்கூட லீவைஸ் கம்பெனிக்கு அமெரிக்காவில் அறுபதுக்கும் மேற்பட்ட தொழிற்சாலைகள் இருந்தன.

அவை எங்கே போயின? 1990-ல் டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் ஒரு தொழிற்சாலை மூடப்பட்டு, அதன் வேலை கோஸ்டா ரிக்காவுக்குப் போயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மெக்சிக வழிவந்த பெண்கள். 1994-ல் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்குமான வாணிக ஒப்பந்தம் வந்தபின், மெக்சிகோவின் டொரியோன் நகரம் ஜீன்ஸ் தலைநகரம் என்றே பெயர் பெற்றது. 2004-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதே சான் அன்டோனியோவில் லீவைஸின் கடைசி அமெரிக்கத் தொழிற்சாலையும் நின்றது. டெனிம் நெய்த வைட் ஓக் மில் 2017 இறுதியில் கதவைச் சாத்தியது. 1818-ல் தொடங்கிய புரூக்ஸ் பிரதர்ஸ் கம்பெனிகூட அமெரிக்காவில் வைத்திருந்த மூன்று தொழிற்சாலைகளையும் 2020-ல் கைவிட்டது. இன்று அமெரிக்கர் வாங்கும் ஆடைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டவை வெளிநாட்டில் தைக்கப்பட்டு வருபவை.

இன்னும் சில கம்பெனிகள் தொழிற்சாலை வைத்துத் தொடங்காதவை. நைக்கி 1964-ல் வேறொரு பெயரில் தொடங்கியபோது, அதன் தொழிலே ஜப்பானியக் காலணிகளை வாங்கி விற்பதுதான். 2024 நிதியாண்டில் அதன் காலணிகளில் பாதி வியட்நாமில் செய்யப்பட்டவை. 1969-ல் பிறந்த கேப், முதலில் லீவைஸ் ஜீன்ஸும் இசைத்தட்டும் விற்ற கடை. இப்படிப்பட்ட கம்பெனி பெயரை வைத்திருக்கும், வடிவத்தை வரையும், விளம்பரம் செய்யும், கடை நடத்தும். தைக்கும் வேலையை மட்டும் ஒப்பந்தத்தில் விட்டுவிடும். நம் ஊரில் கல்யாண வீட்டார் பத்திரிகையில் தம் பெயரைப் போட்டுக்கொண்டு, சமையலைச் சமையல்காரர் குழுவிடம் விடுவதில்லையா? அதுபோலத்தான். சாப்பாடு நன்றாக இருந்தால் வீட்டாருக்குப் பெயர். குறை வந்தால் சமையல்காரருக்குத் திட்டு!

இத்தனை நாடுகளுக்கு இந்த வேலை ஏன் சிதறிப்போயிற்று? கூலி குறைந்த இடம் தேடி என்பது பாதி விடைதான். மறுபாதி, சட்டத்திலும் வரியிலும் இருக்கிறது. 1974 முதல் பணக்கார நாடுகள் 'எந்த நாட்டிலிருந்து எத்தனை ஆடை வரலாம்' என்று கோட்டா வைத்தன. ஒரு நாட்டின் கோட்டா தீர்ந்தால், வியாபாரி கோட்டா மிஞ்சியிருக்கும் அடுத்த நாட்டுக்குப் போனார். இதனால் தையல் தொழிலே இல்லாதிருந்த நாடுகளிலும் தையல் இயந்திரங்கள் ஓசையிடத் தொடங்கின. ஆப்பிரிக்காவின் சின்னஞ்சிறு மலைநாடான லெசோத்தோ, 2000-ஆம் ஆண்டு அமெரிக்கா கொண்டுவந்த வரிச்சலுகையால் ஜீன்ஸ் தைக்கும் நாடாயிற்று. கோட்டா முறை 2005 ஜனவரி 1 அன்று முற்றிலும் ஒழிந்தபின் வேலையில் பெரும்பகுதி சீனா, பங்களாதேஷ், வியட்நாம், நம் இந்தியா ஆகிய நாடுகளில் குவிந்தது.

இதைவிட விசித்திரமான கதை ஒன்று உண்டு. பசிபிக் கடலில் சைப்பான் என்றொரு தீவு. அது அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்டது. ஆகவே அங்கே தைத்த ஆடைக்குக் கோட்டாவும் இல்லை, இறக்குமதி வரியும் இல்லை. 'அமெரிக்காவில் தயாரிக்கப்பட்டது' என்று லேபிள் வைக்கவும் சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் மட்டும் அங்கே முழுமையாகச் செல்லவில்லை. சீனாவிலிருந்தும் பிற ஆசிய நாடுகளிலிருந்தும் பெண்களைக் கொண்டுவந்து, கடன் சுமையோடு நெடுநேரம் தைக்க வைத்தார்கள். 1999-ல் வழக்கு வந்தது. பின்னர் பெரும்பாலான கம்பெனிகள் சமரசத்துக்கு வந்தன. கோட்டா போனதும் தீவின் பயனும் போயிற்று. 2009-க்குள் தொழிற்சாலைகள் எல்லாம் மூடப்பட்டன. சட்டப்படி அந்த லேபிள் பொய்யன்று. ஆனால் வாங்கியவர் மனத்தில் எழுந்த படம் உண்மையா?

லேபிளைப் பற்றிச் சொன்னதால் அதன் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1958-ல் அமெரிக்கா இயற்றிய ஒரு சட்டப்படி, என்ன நூல், யாருடைய பொருள் என்பவற்றோடு, வெளிநாட்டுப் பொருளாயின் எந்த நாடு என்பதும் ஆடையில் இருக்க வேண்டும். சட்டையாயின், கழுத்தின் உட்புறம், இரு தோள் தையல்களுக்கும் நடுவே அந்த நாட்டின் பெயர் தெரிய வேண்டும். ஆனால் 1996 முதல் பெரும்பாலான ஆடைகளுக்கு 'எங்கே தைத்து முடித்தார்களோ, அதுவே அதன் நாடு' என்பது விதி. பருத்தி டெக்சாஸில் விளைந்திருக்கலாம், வேறொரு நாட்டில் நூலாகித் துணியாகியிருக்கலாம், வியட்நாமில் சட்டையாகியிருக்கலாம். லேபிளில் வருவது வியட்நாம் மட்டுமே. அமெரிக்கா உலகுக்குப் பருத்தி விற்கும் முன்னணி நாடுகளுள் ஒன்று. கடல் கடந்து போன அதன் பருத்தி, சட்டையாகித் தன் ஊருக்கே திரும்புவதும் உண்டு. லேபிளில் சிலவேளை ஆங்கிலத்தில் 'ஆர்.என்.' என்று தொடங்கும் எண் ஒன்று காணலாம். அதைப் பார்த்து 'அமெரிக்கத் தயாரிப்பு' என்று முடிவு செய்துவிடக் கூடாது. அது அமெரிக்காவில் வாணிகம் செய்யும் கம்பெனியை அடையாளம் காட்டும் பதிவு எண்ணே தவிர, தைத்த இடத்தின் முகவரி அன்று.

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது பழமொழி. தைத்தவள் கணக்கும் அப்படித்தான். 1911 மார்ச் 25-ல் நியூயார்க் நகரத்து டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தனர். கதவு பூட்டப்பட்டிருந்ததால் வெளியேற முடியாமல் மாண்டவர்கள் பலர். பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்த இளம்பெண்கள். அதன்பின் அமெரிக்காவில் தீத்தடுப்புச் சட்டங்களும் தொழிலாளர் சட்டங்களும் பிறந்தன. தொழில் நாடு மாறியபோது சட்டை போயிற்று. அந்தச் சட்டங்கள் கூடவே போகவில்லை. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவை அடுத்த சவாரில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நூறாண்டுக்குப் பின்னும் அதே கதை, வேறு ஊரில்!

நம் ஊரும் விலை கொடுக்காமல் இல்லை. வெளிநாட்டுக்குப் போகும் சட்டைக்கு ஏறிய சாயத்தின் கழிவு நொய்யலில் கலந்தது. ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கென்று கட்டப்பட்டுச் சாயத்தண்ணீர்த் தொட்டியாயிற்று. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாட்கள் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இன்றும் நினைவிருக்கிறது. கழிவைச் சொட்டும் வெளிவிடாமல் சுத்திகரித்த பிறகே பட்டறைகள் மீண்டும் ஓடின. அமெரிக்கச் சட்டையின் நிறத்தில் எங்கள் ஆற்றின் நிறமும் சேர்ந்திருக்கிறது.

அப்படியானால் இந்தத் தொழிலே வேண்டாமா? அப்படிச் சொல்ல என்னால் முடியாது. என் கல்லூரிக் கட்டணமும் விடுதிச் சாப்பாடும் அக்காளின் தையல் இயந்திரத்திலிருந்து வருபவை. 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக உயர்த்தியது. பருத்தி டி-ஷர்ட்டுக்கு ஏற்கெனவே இருந்த 16.5 சதவீதத்தையும் சேர்த்தால் 66.5 சதவீதம்! திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. அக்காளின் கம்பெனியில் ஆர்டர் நின்றது; ஒன்றரை ஷிஃப்ட் ஒன்றாயிற்று; பிறகு வாரத்தில் நான்கு நாள் ஆயிற்று. தீபாவளிக்கு வீட்டில் பலகாரம் இருந்தது. புதுத்துணி தம்பிக்கு மட்டுந்தான். ஊருக்கெல்லாம் சட்டை தைப்பவள் பழைய சேலையோடு இருந்தாள். "அமெரிக்காக்காரங்க சட்டை போடறத உட்டுட்டாங்களா கண்ணு?" என்று அவள் சிரித்தபடி கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

அந்த வரியை ஆதரித்தவர்கள் 'வேலையெல்லாம் அமெரிக்காவுக்குத் திரும்பும்' என்றனர். சான் அன்டோனியோவில் 1990-ல் வேலையிழந்த பெண்ணை நான் நினைத்துப் பார்க்கிறேன். அவளுடைய வேலையை என் அக்காள் பறித்தாளா? இல்லை. அவளிடமிருந்து எடுத்தவர்களும், பிறகு வேறொருத்தியிடம் கொடுத்தவர்களும் கணக்கேட்டின் முன் அமர்ந்தவர்களே. ஒருத்திக்கு வேலை போனதும், இன்னொருத்திக்குக் குறைந்த கூலியில் வேலை வந்ததும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். அவ்விரு பெண்களையும் ஓர் அறையில் அமர்த்தினால், மொழி தெரியாவிட்டாலும், இடுப்பு வலியையும் விரலில் ஊசி ஏறிய தழும்பையும் காட்டி ஒருவரையொருவர் புரிந்துகொள்வார்கள்.

நண்பர்களே! பெயர் போட்ட சட்டையை அணிய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பங்களாதேஷ் என்றோ இந்தியா என்றோ லேபிளில் இருந்தால் முகம் சுளிக்க வேண்டாம் என்றே சொல்கிறேன். பெரிய எழுத்தில் இருப்பது விற்றவரின் பெயர். பொடி எழுத்தில் இருப்பதே உழைத்த மண்ணின் பெயர். உழைத்தவளின் பெயரை எந்தச் சட்டமும் இதுவரை அங்கே எழுதச் சொல்லவில்லை. அதை எழுதச் சொல்லும் சட்டம் வரும்வரை, சட்டையை மாட்டும்முன் அந்தப் பொடி எழுத்தையாவது ஒருமுறை படிப்போம்.